பிஸ்கா மேட்டுப் பலகை

டில்லரி கவுண்டி என்ற மாவட்டத்தின் சாலையோரங்களில் மொத்தம் இருபத்துமூன்று சரித்திரப் பலகைகள் நிற்கின்றன. கம்பத்தின் மேல் வார்ப்பு அலுமினியம், பச்சைப் பின்னணி, வெள்ளி எழுத்து. அடிமை முறைக்காக உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுத் தோற்றுப்போன ஒரு தளபதி இராத்தங்கிய வீட்டுக்கு ஒன்று. மறுநாள் காலை அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய ஊற்றுக்கு ஒன்று. அந்தக் குதிரை செத்து விழுந்த இடத்துக்கும் ஒன்று உண்டு; நம்பாதவர்கள் பதினான்காம் நம்பர் சாலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நாற்பத்தொரு குடும்பங்கள் வாழ்ந்த பிஸ்கா மேட்டுக்கு மட்டும் எதுவும் இல்லை.

ஆர்டெல்லா பைனம் அந்தக் குதிரையைக் கடந்து போகும்போதெல்லாம் காரின் வேகத்தைக் குறைத்து, "நீ குடுத்து வச்சவன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அவள் பிறந்தது பிஸ்கா மேட்டில். அந்த மேட்டுக்காரர்கள் கறுப்பர்கள், சொந்த நிலம் வைத்திருந்தவர்கள். போதாக்குறைக்கு, ஓட்டுரிமைக்குப் பெயர் பதியவேண்டும் என்று கோர்ட்டு வாசலில் போய் வரிசையாக நின்றவர்கள். டில்லரியில் இவற்றில் ஒன்றே அதிகம். 1951 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையில் பிரசங்கம் முடிந்து சாப்பாட்டைத் திறக்கிற நேரத்தில், ஏழு லாரிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பட்டப்பகல். முகத்தை மூடிக்கொள்ளவேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கிளம்பவேண்டும் என்றார்கள். ஆர்டெல்லாவின் அப்பா ஐசையா மட்டும் தன் வீட்டுப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இடத்திலேயே சுட்டார்கள். பதின்மூன்று வயது அண்ணன் லெம், ஆறு வயது ஆர்டெல்லாவை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினான். மூன்றாம் நாள் நாலு பேர் பதுங்கிப் போய், சபைக்குப் பின்னால் இருந்த இடுகாட்டில் ஐசையாவைப் புதைத்துவிட்டு வந்தார்கள். வரி கட்ட ஆளில்லை என்று இரண்டு வருடத்தில் கவுண்டி அந்த மேட்டை ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் ஸ்டோவால். ஏழு லாரிகளில் இரண்டு அவருடையவை. விரட்டியதும் சுட்டதும் ஊருக்கே தெரியும், ஒரு காகிதத்திலும் கிடையாது.

ஸ்டோவாலின் பேரன் கிரேடி, போன குளிர்காலத்தில் மேட்டிலிருந்த பைன் மரங்களை வெட்டி விற்றான். மரம் ஏற்றிய லாரி இடுகாட்டின் கீழ்வரிசைமேல் ஏறி இறங்கியது. தலைமாட்டுக் கற்கள் நாலைந்து சேற்றில் புதைந்துபோயின. வழக்கம்போல மே மாதம் ஓடை வழியாகத் திருட்டுத்தனமாகப் போய்ப் புல் செதுக்கும்போதுதான் ஆர்டெல்லாவும் லெம்மும் அதைப் பார்த்தார்கள். அப்பாவின் கல்லறைச் சிமெண்டுப் பலகைக்கும் லாரித் தடத்துக்கும் இடையில் ஆறடிதான் இருந்தது.

"என்னை இங்கதான் போடணும், ஆர்டி," என்று லெம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். மர அறுவை ஆலையில் நாற்பது வருடம் தூள் குடித்த நெஞ்சு. "அப்பாவுக்கு வலது பக்கம். இடம் இருக்குல்ல? அதுக்குள்ள இவனுங்க ரோடு போட்டுடாம பாத்துக்க."

அன்றைக்குத்தான் ஆர்டெல்லா முடிவு செய்தாள். சாலையோரம் ஒரு பலகை நின்றுவிட்டால் அது அரசாங்கச் சங்கதி. இங்கே ஊர் இருந்தது, சபை இருந்தது, இடுகாடு இருக்கிறது என்று வெள்ளி எழுத்தில் எழுதிவிட்டால், அப்புறம் எவன் லாரியை ஏற்றுவான்? அப்பாவும் பத்திரம், அண்ணனுக்கு இடமும் பத்திரம்.

பலகைக் கமிட்டி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நூலகத்தின் பின்னறையில் கூடும். தலைவி கோரின் ஹால்ஃபோர்ட், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆர்டெல்லாவைவிட இரண்டு வயது இளையவர். அந்த அறையில் அவர் மிசஸ் ஹால்ஃபோர்ட்; ஆர்டெல்லா வெறும் ஆர்டெல்லா.

"வா கண்ணு, உட்காரு. லெமன் கேக் எடுத்துக்க," என்றார் ஹால்ஃபோர்ட். "உன் விண்ணப்பத்தை எல்லாரும் படிச்சோம். கண் கலங்கிடுச்சு. ஆனா பாரு, 'ஆயுதம் தாங்கிய கும்பல் விரட்டியது'ன்னு எழுதியிருக்க. இதுக்கு ஆதாரம்?"

"எங்க அண்ணன் அங்க இருந்தவரு, மிசஸ் ஹால்ஃபோர்ட். உயிரோட இருக்காரு. கூட்டிட்டு வரட்டுமா?"

"லெம் தங்கமான மனுஷன். அதுல யாருக்கும் சந்தேகமில்ல. ஆனா ஞாபகம் வேற, சரித்திரம் வேற. வாய்வார்த்தையை வச்சுப் பலகை வார்க்க முடியாது. காகிதம் இருக்கா?"

"சுட்டவங்க ரசீது குடுத்துட்டா போவாங்க?"

யாரோ இருமினார்கள். ஹால்ஃபோர்ட் சிரித்த முகம் மாறாமல் கேக் தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அந்தக் குதிரை செத்ததற்கு மட்டும் யார் மருத்துவச் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று கேட்க ஆர்டெல்லாவுக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. காரியம் பெரிதா வீரியம் பெரிதா என்று அடக்கிக்கொண்டாள்.

காகிதம் தேடுவது அவளுக்குப் புதிய வேலை அல்ல. மேட்டுக்காரர்கள் ஓட்டுக்காக வரிசையில் நின்ற அதே கோர்ட்டுக் கட்டடத்துப் பத்திர ஆபீசில் முப்பத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவள். அந்த ஆபீசில் வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட முதல் கறுப்பினப் பெண். எந்த அலமாரியில் எந்தப் புத்தகம் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவாள். மூன்றே நாளில் கண்டுபிடித்தாள்: எண்பத்தெட்டாம் புத்தகம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், 1953-ஆம் வருட ஏலப் பத்திரம். அதில் நாற்பத்தொரு குடும்பத்தின் பெயரும் இருந்தது. சபை இருந்தது. இடுகாடு இருந்தது. அப்பாவின் பெயர் பதினேழாவது. அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு அவள் அழுதாள், சந்தோஷத்தில்தான். 'உரிமையாளர்களால் கைவிடப்பட்ட மேற்படி நிலம்' என்று ஐந்தாவது வரியில் இருந்ததையும் படித்தாள். முப்பத்தாறு வருடத்தில் ஆயிரம் தடவை பார்த்த பத்திர வார்த்தை அது. கண் அதைத் தாண்டிக் கீழே இருந்த பெயர்களுக்குப் போய்விட்டது.

கமிட்டியின் கண் தாண்டவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் பலகைக்கான வாசகம் தயாராக இருந்தது. "1951-க்குப் பின் இக்குடியிருப்பும் சபையும் கைவிடப்பட்டன."

"கைவிடப்படல, மிசஸ் ஹால்ஃபோர்ட்."

"நீ கொண்டுவந்த பத்திரம்தான் அப்படிச் சொல்லுது, கண்ணு. கோர்ட்டு முத்திரையோட."

ஆர்டெல்லா அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை படித்தாள். விரட்டியது என்பதற்கு ஆதாரம் கிடையாது. கைவிட்டது என்பதற்குத் தானே போய்த் தேடி எடுத்து வந்த ஆதாரம் இருக்கிறது. சரி, அந்த வார்த்தை போகட்டும், முக்கியமானதைப் பிடித்துக்கொள்வோம் என்று நினைத்தாள்.

"இடுகாடுன்னு வரணும். அது வராம நான் சம்மதிக்க மாட்டேன்."

"இடம் பத்தாதே. எழுத்துக் கணக்கு இருக்கு. ஏதாவது ஒண்ணை எடுத்தாத்தான்..." ஹால்ஃபோர்ட் பென்சிலால் வரிகளைத் தட்டிக்கொண்டே வந்தார். "இதோ, 'ஐசையா பைனம் உள்ளிட்ட'ன்னு இருக்கே. இதை எடுத்துட்டா சரியா வரும்."

ஆர்டெல்லா அப்பாவின் பெயரைக் கொடுத்து இடுகாட்டை வாங்கினாள். "1951-க்குப் பின் இக்குடியிருப்பும் சபையும் இடுகாடும் கைவிடப்பட்டன" என்று ஆயிற்று.

பக்கத்து நிலக்காரன் சம்மதமும் வேண்டும் என்பது கமிட்டியின் இன்னொரு விதி. கிரேடி ஸ்டோவாலிடம் எப்படிப் போய் நிற்பது என்று அவள் குழம்பிக்கொண்டிருந்தபோது, அவனே வந்து கதவைத் தட்டினான். கையில் ஒரு கூடை பீச் பழம். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான். பாட்டன் செய்த அழும்பு பேரன் முகத்தில் எழுதியா இருக்கும்? அவனைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது.

"பலகை வைக்கறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, மேடம்," என்றான். "வாசகத்தைக் காட்டினாங்க. நல்லா, கௌரவமா இருக்கு. அதை மாத்தாம இருந்தா போதும். பழசைக் கிளறி என்ன ஆகப் போகுது, சொல்லுங்க."

"எங்க ஆளுங்க கல்லறைக்குப் போய்வரணும், தம்பி."

"அதுக்கென்ன? கேட் சாவி ஒண்ணு தர்றேன். எப்ப வேணாலும் போங்க. லெம் அய்யா அங்கதான் படுக்கணும்னு ஆசைப்படறாராமே? நான் இருக்கற வரைக்கும் அதுக்கு யாரும் குறுக்க நிக்க மாட்டாங்க."

இதை எழுதிக் கொடுத்துவிடு என்று ஒரு வார்த்தை ஆர்டெல்லாவின் நாக்கு நுனிவரை வந்தது. முப்பத்தாறு வருடம் ஊரார் பத்திரத்தையெல்லாம் பதிந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா? ஆனால் பழக்கூடையோடு வந்து நிற்கிறவனிடம் கையெழுத்துக் கேட்பது மரியாதையாகப் படவில்லை. வெள்ளைக்காரன் வலிய வந்து நல்லபடியாகப் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்த நாக்கு அது. "ரொம்ப நன்றி தம்பி" என்றுதான் சொல்லிற்று.

லெம் அந்த வாசகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நாமளா கைவிட்டோம்?"

"பத்திரத்துல இருக்கற வார்த்தை, அண்ணே."

"கையைப் புடிச்சு இழுத்து வெளிய போட்டானுங்க, புள்ள. உன்னைத் தூக்கிட்டு ஓடுனது நான். என் முதுகுக்குத் தெரியும். எந்த நாயி பத்திரம் எழுதுச்சு?"

"ஒண்ணுமே இல்லாததுக்கு இதாவது வரட்டும். பலகை நின்னாதான் அப்பாவை யாரும் தொட மாட்டாங்க. உனக்கும் அங்க இடம் கிடைக்கும். ஒரு வார்த்தைக்காக எல்லாத்தையும் விடச் சொல்றியா?"

"அப்பா பேரு எங்க?"

ஆர்டெல்லா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, படிவத்தின் மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டாள். பலகை வார்க்கும் செலவு விண்ணப்பித்தவர் தலையில்தான். அவளுடைய சபையார் எட்டுச் சனிக்கிழமை மீன் வறுத்து விற்று அதைச் சேர்த்தார்கள்.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. சபைப் பாடகர் குழு பாடியது. ஹால்ஃபோர்ட் துணியை இழுத்தார். கிரேடி ஆர்டெல்லாவின் கையைக் குலுக்குவதை வாரப் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். லெம் காரைவிட்டு இறங்கவில்லை. எல்லோரும் போனபிறகு ஆர்டெல்லா பலகைக்குக் கீழே தனியாக நின்று படித்தாள். இடுகாடு என்ற சொல்லை மட்டும் இரண்டாம் தடவை படித்துக்கொண்டாள். நிம்மதியாக இருந்தது. பொய் சொல்வானேன், பெருமையாகக்கூட இருந்தது.

கேட் சாவி வரவில்லை. கேட்டபோதெல்லாம் கிரேடி, "அடடா, மறந்தே போச்சு மேடம்" என்றான்.

பதினாலு மாதம் கழித்து வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. பிஸ்கா மேட்டு நிலத்தில் உள்ள கைவிடப்பட்ட இடுகாட்டை வேறிடத்துக்கு மாற்ற உரிமையாளர் அனுமதி கோருகிறார். ஆட்சேபிப்பவர்கள் கவுண்டி சபையின் விசாரணைக்கு வரலாம். மேட்டை ஒரு கருங்கல் குவாரிக்காரனுக்குக் கிரேடி பேசி முடித்துவிட்டான் என்று அதற்குள் ஊரெல்லாம் பேச்சு.

ஆர்டெல்லா பதறவில்லை. "இதுக்குத்தானே அண்ணே பலகை வச்சோம்?" என்றாள். பலகையைப் பெரிதாகப் படம் பிடித்து, அட்டையில் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை உடுப்பு உடுத்திக்கொண்டு விசாரணைக்குப் போனாள்.

கிரேடியின் வக்கீல் சின்னப் பையன், பெரிய குடும்பத்துப் பிள்ளை. எழுந்து நின்று, "மிஸ் பைனம்," என்று கூப்பிட்டான். அவள் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த அந்தக் கோர்ட்டுக் கட்டடத்தில் அவளை அப்படிக் கூப்பிட்ட முதல் வெள்ளைக்காரன் அவன்தான்.

"நீங்க கொண்டுவந்த படத்தையே பாப்போம். சந்ததியாரு பராமரிச்சு வர்ற இடுகாட்டைத் தொடச் சட்டம் விடாது. கைவிடப்பட்டதா இருந்தா மட்டும்தான் மாத்தலாம். இந்த வரியைக் கொஞ்சம் சத்தமா படிக்க முடியுமா?"

அவள் படித்தாள். 'இடுகாடும்' என்ற இடத்தில்தான் அவளுக்கு விளங்கியது. அதோடு நிறுத்தினாள். மிச்சத்தை அவனே படித்து முடித்தான்.

"இது விண்ணப்பப் படிவம். இது உங்க கையெழுத்துதானே, மேடம்? 'இதிலுள்ள விவரங்கள் யாவும் உண்மை'ங்கறதுக்குக் கீழ போட்டிருக்கீங்க."

"என் கையெழுத்துதான். ஆனா நாங்க கைவிடல. வருஷா வருஷம் மே மாசம் போய்ப் புல் செதுக்குவோம்."

"அதுக்கு நிலக்காரர்கிட்ட அனுமதி வாங்கினீங்களா?"

"முன்னாடியெல்லாம் இல்ல. ஓடை வழியா போவோம். ஆனா பலகை வைக்கும்போது கிரேடி தம்பி எப்ப வேணாலும் போங்கன்னு சொன்னாரு. அண்ணனைக்கூட அங்க புதைக்கலாம்னு சொன்னாரு."

"எழுத்துல இருக்கா?"

கிரேடி முன்வரிசையில் உட்கார்ந்து தன் தொப்பியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டெல்லா அவனைப் பார்த்தாள். அவன் நிமிரவேயில்லை.

லெம் எழுந்து பேசினார். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் என்று விதி. ஏழு லாரிகளையும் படலையும் ஓடையையும் சொல்வதற்கு அந்த மூச்சுக்கு மூன்று நிமிடம் போதவில்லை. ஓடைக்குள் இறங்கும்போதே மணி அடித்துவிட்டார்கள். கவுண்டி சபைத் தலைவர், "உங்க உணர்வை மதிக்கிறோம், அய்யா" என்றார். கவுண்டி சபையின் ஐந்து பேரில் நாலு பேர் கை தூக்கி அனுமதி கொடுத்தார்கள்.

வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது லெம் சொன்னார்.

"மீன் வறுத்து வித்த காசுல நாமளே சூனியம் வச்சுக்கிட்டோம்."

"நான்தான் வச்சேன். உன்னைச் சேத்துக்காத, அண்ணே."

"சேத்துக்கல," என்றார் லெம். அவள் எதிர்பார்த்தது அதுவல்ல. இல்லை புள்ள, நாம ரெண்டு பேரும்தான் என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தாள்.

அக்டோபரில் தோண்டினார்கள். ஐம்பத்தெட்டுக் குழிகள். ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்ததை ஒரேயளவான பெட்டிகளில் போட்டு, நம்பர் ஒட்டி, டவுன் இடுகாட்டில் வேலியோரம் வரிசையாகப் புதைத்தார்கள். ஐசையா முப்பத்தொன்றாம் நம்பர். ஆறடி இரண்டங்குலம் இருந்த மனிதர். பெட்டியை ஒருத்தன் ஒற்றைக் கையில் தூக்கி வந்தான். லெம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். ஜனவரியில் அவரும் போனார். முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் ஒரு ஆளுக்கு இடமில்லை. சபையின் புதிய இடுகாட்டில், ஊருக்கு மறுகோடியில் புதைத்தார்கள். ஆர்டெல்லா அண்ணனைக் கெஞ்சி மன்னிப்புக் கேட்க நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டது அப்படியே நின்றுபோயிற்று.

மேட்டில் பாறைக்கு வெடி வைக்கத் தொடங்கிய பிறகும் பலகை சாலையோரம் அப்படியே நின்றது. குவாரிக்காரன் அதைச் சுற்றிப் பூச்செடிகூட வைத்தான். வசந்த காலத்தில் ஒரு நாள் ஹால்ஃபோர்ட் போன் செய்தார்.

"லெம் விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருந்தது, கண்ணு. உனக்கு ஆறுதலா ஒரு சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். பலகையோட அடியில ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கோம், பாத்திருப்ப. கல்லறைகளை மாத்தினதைப் பத்தி ஒரு சின்னத் தகடு சேக்கலாம்னு கமிட்டில பேசினோம். என்ன வார்த்தை போடணும்னு நீயே சொல்லு. இந்தத் தடவை நீ சொல்றதுதான்."

ஆர்டெல்லா போனைக் காதில் வைத்தபடியே பலகையின் அடிப்பாகத்தை நினைத்துப் பார்த்தாள். அந்த அடிவரிக்கு இடம் இருந்ததா? அப்பாவின் பெயரை எடுத்தபோதும் அந்த இடம் அங்கே இருந்ததா?

"கண்ணு, இருக்கியா?"

"இருக்கேன். எழுதிக்குங்க, மிசஸ் ஹால்ஃபோர்ட். 'இங்கே புதைத்திருந்தவர்களை ஆர்டெல்லா பைனம் கையெழுத்துப் போட்டுத் தோண்டவிட்டாள்.'"

"அய்யய்யோ, அப்படியெல்லாம் போட முடியுமா?"

"ஏன் முடியாது? இதுக்கு ஆதாரம் இருக்கு. மூணு நகல் இருக்கு. கவுண்டி முத்திரையோட."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. ஹால்ஃபோர்ட் உண்மையாகவே விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்கறவங்க பேரு பலகையில வரக்கூடாதுன்னு விதி இருக்கு, ஆர்டெல்லா."

"அப்ப கொஞ்சம் பொறுங்க," என்றாள் ஆர்டெல்லா. "எனக்கு எழுபத்துமூணு ஆச்சு."